இருபத்து நான்கு நாள் முந்தி வந்தவர்

முள்ளிச்செவலுக்கு அந்த வருஷம் பாலன் இயேசு இருபத்து நான்கு நாள் முந்தியே வந்துவிட்டார். கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கும் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு கழிந்த மறுநாள், டிசம்பர் ஒன்றாம் தேதி காலை, கோயிலைப் பெருக்க வந்த கோயில்பிள்ளை தொம்மை பீடத்துக்குக் கீழே வெறுமையாக வைத்திருந்த மரத் தீவனத்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது, ஒட்டுத்துணி இல்லாமல், கறுத்த மேனியோடு, தொப்புள்கொடி நுனி இன்னும் காயாமல், அவர் காலை உதைத்துக்கொண்டு கிடந்தார். அது யார் என்று தொம்மைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் பத்து வருஷமாக வாதம் பிடித்துப் பூசையில்கூட மடங்காத அவருடைய முழங்கால்கள் இரண்டும் அவரைக் கேளாமலே மடங்கிவிட்டன, அப்படியே முட்டி போட்டபடிதான் அவர் நகர்ந்து போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார், மணிச்சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களுக்கும் கோயில் வாசலைத் தாண்டியதும் அதே கதியாயிற்று.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருவருகைக் காலம் தொடங்கியதும் தொட்டியைக் காலியாக வைத்துவிடுவார்கள். அன்றன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தவர்கள் சாயங்காலம் வந்து ஒரு வைக்கோலை அதில் போட வேண்டும், அப்படி ஊர் செய்த நன்மையெல்லாம் சேர்ந்து மெத்தையாகி, கிறிஸ்மஸ் பூசையில் பாலன் சொரூபம் அதன்மேல் படுக்கும் என்பது ஏற்பாடு. ஊர்க்காரர்களுக்கு நல்லது செய்யும் அவசரம் கடைசி இரண்டு நாளில்தான் வரும், அதற்கும் நேரமில்லாவிட்டால் பங்குப்பேரவைத் துணைத்தலைவர் பங்கிராஸ் தம் மாட்டுக்கொட்டிலில் இருந்து ஒரு கட்டைத் தூக்கி வந்து மொத்தமாகத் திணித்துவிடுவார். அந்தத் திங்கட்கிழமை தொட்டியில் ஒரே ஒரு வைக்கோல்தான் கிடந்தது. அது வியாகுலம் என்பவள் போட்டது, முந்தின நாள் முழுக்க யாரையும் சபிக்காமல் இருந்ததற்காகப் போட்டது.

மத்தியானம் சாமியார் பங்களாவில் பேரவை கூடியது. வந்தவர் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை, முழங்கால் பொய் சொல்லாது. வந்த தேதியில்தான் சிக்கல்.

"இது காத்திருக்கிற காலம். காத்திருந்தவர் வந்துட்டா, மிச்சம் மூணு வாரம் நாம எதுக்காகக் காத்திருக்கிறது?" என்றார் லூக்காஸ் சாமி. ஊர்ச் சாமியாரான அவர் இளம்வயதுக்காரர், நல்லவர், யாரோடும் பகைத்துக்கொள்ளத் தெரியாதவர். வாரத்துக்கு ஒன்றாக ஏற்ற மலர்வளையத்தில் வைத்த நான்கு மெழுகுதிரிகளில் ஒன்றுதான் எரிந்திருக்கிறது, மற்ற மூன்றை என்ன செய்வது, காத்திருப்புக் காலத்து ஊதா உடுப்பைக் கழற்றலாமா கூடாதா என்று அவர் உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

"சாமி, கிறிஸ்மஸுக்கு மறைமாவட்டத்துல இருந்து ஆயர் வாராவன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு" என்றார் பங்கிராஸ். "பந்தல், சீரியல் செட்டு, பாட்டுப் போட்டி எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. இன்னைக்கே வந்துட்டாவன்னு வச்சுக்கிட்டா, இருபத்தஞ்சாந் தேதி என்னத்தக் கொண்டாட? வாரவரு சொல்லிட்டு வரக்கூடாதா?"

திரும்பிப் போய் உரிய நாளில் வரச் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார், அதைப் பால்குடிப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், இருபத்து நான்காம் தேதி வரை அவரை ஏதாவது ஒரு வீட்டில் வைத்திருந்து, அன்றைக்குப் பவனியாக அழைத்துவந்து தொட்டியில் கிடத்துவது என்று முடிவானது. எந்த வீடு என்றபோது எல்லோருக்கும் தாழ்ச்சி வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அவர் எழுந்தருள நாங்கள் என்ன புண்ணியம் செய்தோம் என்றார் ஒருவர், எங்கள் வீட்டில் தரைக்கு டைல்ஸ்கூட இல்லையே என்றார் இன்னொருவர், மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள், வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது, மாமியார் சண்டைக்காரி, நாய் கடிக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பங்கிராஸ் தம் மாடிவீட்டைப் பற்றிப் பேசவே இல்லை, அவர் கூட்டத்தை நடத்துகிறவர் அல்லவா. இந்தப் பேச்செல்லாம் நடந்தது, 'இவ்வாண்டு இறைவனை முழு இதயத்தோடு தேடுவோம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, கீழே பங்கிராஸ் கைகூப்பி நிற்கும் படம் போட்ட ஃபிளெக்ஸுக்கு நேர் கீழேதான்.

"நான் வச்சுக்கிடுதேன்" என்று ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. வியாகுலம்.

எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. அவளை விட்டால் ஊரில் பக்திக்காரி யார்? ஏழு வருஷமாகத் திருவருகைக் காலம் முழுக்க ஒருசந்தி இருந்து, ஒருவேளைக் கஞ்சியோடு, காலைப்பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உச்சி வரை பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டுக் கிடப்பாள். வியாகுலம் மாதிரி ஆண்டவரைத் தேட ஆள் கிடையாது என்று ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அவள் சண்டை போடத்தான் தேடினாள் என்பது ஊருக்குத் தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன் அவளுக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்து ஆறு மணி நேரம் உயிரோடு இருந்தது. மூச்சு நிற்கப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஒரு கை தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்தது அவளுக்கு ஞாபகமிருந்தது, தண்ணீர்ச் செம்பும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் பேறுகாலத்து ரத்தம் காயாத இந்தத் தீட்டுக் கையாலா அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்வது என்று தயங்கி, புருஷன் சூசையைச் சாமியாரைக் கூப்பிட சைக்கிளில் விரட்டினாள், அப்போதைய சாமியார் பக்கத்து ஊருக்குப் பூசைக்குப் போயிருந்தார், அவர் வந்தபோது பிள்ளை போய்விட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்பது முள்ளிச்செவலின் பழைய கட்டுப்பாடு. மதிலுக்கு அந்தப் பக்கம், உடைமரத்தடியில், குருசுகூட நடாமல் புதைத்தார்கள். சூசை அந்த மாதமே பம்பாய்க்கு ரயிலேறினான், கடிதம்கூட இல்லை. ஒரு கை தண்ணீர், அவ்வளவுதான், அந்த ஒரு கை தண்ணீரை நினைத்து நினைத்து அவள் ஏழு வருஷம் எரிந்துகொண்டிருந்தாள். தினமும் பீடத்துக்கு முன்னால் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: என் பிள்ளை எங்கே? மதிலுக்கு உள்ளே இடம் கிடைக்காத அந்தப் பச்சை மண் இப்போது யாரிடம் இருக்கிறது?

ஆகவே பாலனைப் பழைய சேலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள். "நீரு வந்தது நல்லதாப் போச்சு. அங்கன பீடத்துல கல்லுமாதிரி இருந்தீரு, இப்ப வாய் இருக்குல்ல? சொல்லும். எம்புள்ள எங்க?"

பாலன் வாயைத் திறந்து பசியில் வீறிட்டு அழுதார். அந்த அழுகையைக் கேட்டதும் ஏழு வருஷமாக வற்றிக் கிடந்த மார்பில் பால் ஊறி ரவிக்கையை நனைத்தது. அவள் அவரைத் திட்டிக்கொண்டே மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.

முதல் வாரம் ஊர்ப்பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிற வியாகுலத்துக்கு மட்டும் மடங்காத முழங்கால், வந்தவர்களுக்கு வாசற்படியிலேயே மடங்கியது பெரிய இடைஞ்சலாக இருந்தது. பங்கிராஸின் மனைவி தெரசித்தாய் கொண்டுவந்த கஞ்சிப்பானை கையிலிருந்து விழுந்து உடைந்து, பட்டுச்சேலையெல்லாம் கஞ்சியானது. ஒரு கர்ப்பிணி மடங்கிய காலோடு அரைமணி நேரம் எழுந்திருக்க முடியாமல் தவித்தாள். "பாக்க ஆசதான் மதினி, முட்டிதான் தாங்க மாட்டேங்கு" என்று சொல்லி இரண்டாம் வாரத்தில் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். அப்புறம் அவர்களுக்கு வேலையும் வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டினார்கள், முறுக்கு சுட்டார்கள், பாட்டுக்குழு பாலனே வாரும் வாரும் என்று பங்களா முற்றத்தில் ஒத்திகை பார்த்தது, ஒத்திகைச் சத்தம் வியாகுலத்தின் வீடு வரை கேட்டு, தூங்கிக்கொண்டிருந்த பாலன் திடுக்கிட்டு எழுந்து அழுவார்.

லூக்காஸ் சாமி ஞாயிறு தோறும் இறைவனைத் தேடுவதைப் பற்றி நன்றாகவே பிரசங்கம் வைத்தார். கைப்பிள்ளையோடு வியாகுலத்தால் கோயிலுக்குப் போக முடியவில்லை. இந்த வருஷம் அந்தப் பொம்பளைக்குப் பக்தி குறைந்துபோச்சு என்று பங்கிராஸ் கவலைப்பட்டார்.

அவள் தினமும் கேட்டாள். குளிப்பாட்டும்போது கேட்டாள், சாம்பிராணி காட்டும்போது கேட்டாள், பீத்துணி அலசும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டாள். அவர் பால் குடித்தார், ஏப்பம் விட்டார், பத்தாம் நாள் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். பதினைந்தாம் நாள் தூக்கத்தில் அவர் சிரித்ததைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள், தன் சிரிப்புச் சத்தம் கேட்டுத் தானே பயந்துபோனாள். அன்றைக்குக் கேள்வி கேட்க மறந்துவிட்டது. மறுநாளும் மறந்துவிட்டது. நீரு என்று அழைத்தவரை எப்போது நீ என்று அழைக்கத் தொடங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

பத்தொன்பதாம் தேதி மழை பிடித்தது. வியாகுலத்தின் ஓட்டுக்கூரை நான்கு இடத்தில் ஒழுகியது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்ந்து நகர்ந்து, நனையாத மூலை இல்லை என்று ஆனபோது, பங்கிராஸ் வீட்டுக்குப் போனாள்.

தெரசித்தாய் வாசலிலேயே முட்டி போட்டபடி சொன்னாள்: "உள்ள வான்னு சொல்லத்தான் ஆச வியாகுலம். நேத்துதான் பெயிண்ட் அடிச்சிருக்கு, அந்த வாடை பச்சப்பிள்ளைக்கு ஆவாதுல்லா?"

கோயிலுக்குப் போனாள். குடில் ஜோடனை கலைந்துவிடும் என்று பேரவை சாவியை வாங்கி வைத்திருந்தது. பங்களாவுக்குப் போனாள். லூக்காஸ் சாமி முழங்காலில் இருந்தபடியே கண்கலங்கி, "இன்னும் அஞ்சே நாள்தானே வியாகுலம், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். ஆயரோடு வருகிறவர்களுக்காக ஒதுக்கிய அறைகளில் புது விரிப்புப் போட்டிருந்தது.

இருபத்திரண்டாம் தேதி பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. ஓடையில் வெள்ளம் ஏறி பஸ் வரவில்லை. பங்கு வேனில் கிறிஸ்மஸ் தாத்தாவை ஏற்றிக்கொண்டு பாட்டுக்குழு முந்தின நாளே வெளியூர் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. வியாகுலம் ஈரத்துணி போட்டாள், கஷாயம் சங்கில் கொடுத்தாள், தொம்மை கொண்டுவந்த போர்வையில் பொதிந்து தன் நெஞ்சுச் சூட்டிலேயே வைத்திருந்தாள். மறுநாள் காலை மழை விட்டு வெயில் வந்தபோது பாலன் பால் குடிப்பதை நிறுத்திவிட்டார். அவருடைய மூச்சை அவளுக்குத் தெரியும். அந்த மூச்சை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

இந்தத் தடவை அவள் தயங்கவில்லை. செம்பிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி அவர் நெற்றிக்கு மேலே கொண்டுபோனாள். அப்போதுதான் ஏழு வருஷத்துக் கோபம் முழுவதும் அவளுக்குள் திரண்டு வந்தது. இந்த ஒரு கை தண்ணீர் இல்லாமல்தானே எம்பிள்ளை வெளியே கிடக்கிறான்? உம்முடைய பெயரைச் சொல்லித்தானே அவனை வெளியே போட்டார்கள்? எங்கே போட்டார்கள் என்று நீரும் வந்து பாரும். ஏழு வருஷமாக அங்கே தனியாகக் கிடக்கிறவனுக்கு ஒரு துணையாவது ஆகட்டும். அவள் தண்ணீரைத் தரையில் விட்டுவிட்டு, மூச்சு அடங்கியதும் அவர் மேல் கவிழ்ந்து, ஊர் கேட்கும்படி அலறினாள். அந்த அலறலில் யாருக்காக அழுகிறாள் என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பேரவை மறுபடி கூடியது. லூக்காஸ் சாமி அழுதுகொண்டே, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை வெளியே போடு என்று இப்போதெல்லாம் திருச்சபை சொல்வதில்லை, கடவுளின் இரக்கத்தை நம்பச் சொல்கிறது, உள்ளேயே அடக்கம் செய்யலாம் என்றார்.

"செய்யலாம் சாமி" என்றார் பங்கிராஸ். அவருக்கும் கண் சிவந்திருந்தது, அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "ஆனா ஞானஸ்நானப் பதிவேட்டுல அவுகளுக்குப் பேரு இல்லியே. ஒருத்தருக்குக் கதவத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும். வியாகுலத்துப் பிள்ளையையும் உள்ள எடுத்து வைங்கன்னு வருவாவ. அப்புறம் எங்க தாத்தன் காலத்துலேருந்து அந்தப் பக்கம் கெடக்க அம்புட்டுப் பிள்ளையளும் வரும். ஊரு தாங்குமா?"

மூன்றாம் நாள் உயிர்த்தெழுவாரே, அதுவரை வைத்திருக்கலாமே என்றார் தொம்மை. அது ஈஸ்டர் பாஸ்காவுக்கு உள்ள சமாச்சாரம், இந்தக் காலத்தில் அதைக் கொண்டுவந்து குழப்பக்கூடாது என்று அவரை அடக்கினார்கள். நாளைக்கு ஆயர் வருகிறார் என்ற எண்ணம் எல்லோரையும் அவசரப்படுத்தியது. லூக்காஸ் சாமி அதற்கு மேல் பேசவில்லை, அந்தப் பேசாமையைப் பிற்பாடு அவர் ஒருநாளும் மன்னித்துக்கொள்ளவில்லை. சாயங்காலத்துக்குள் தொம்மை உடைமரத்தடியில், ஏழு வருஷத்துப் பழைய குழியை ஒட்டியே புதுக்குழி வெட்டினார். முழங்கால் மடங்கியபடியே வெட்டியதால் குழி ஆழமாக விழவில்லை.

கிறிஸ்மஸ் நன்றாக நடந்தது. மதுரையிலிருந்து வந்த புதுச் சொரூபம், ரோஸ் நிறக் கன்னமும் நீலக் கண்ணுமாக, பங்கிராஸ் வீட்டு வைக்கோல்கட்டின்மேல் படுத்தது. யாருக்கும் முழங்கால் தானாக மடங்கவில்லை, அவரவர் கைக்குட்டை விரித்து சௌகரியம்போல முட்டி போட்டார்கள். ஆயர் குடிலைப் பாராட்டினார்.

அதன்பிறகுதான் தொல்லை தொடங்கியது. கல்லறை மதிலை ஒட்டிப் போகும் பாதையில், உடைமரத்துக்கு நேரே வந்ததும், எல்லோருக்கும் முழங்கால் மடங்கியது. பால்கேன் கட்டிய சைக்கிள்கள் கவிழ்ந்தன, புல்லுக்கட்டோடு வந்த பெண்கள் சரிந்தார்கள், பக்கத்து ஊர் இந்து மாட்டு வியாபாரி ஒருவரும் சந்தைக்குப் போகிற வழியில் மாட்டோடு சேர்ந்து முட்டி போட்டுவிட்டு, இங்கே யார் படுத்திருக்கிறார் என்று மரியாதையாக விசாரித்தார். ஒருவாரத்தில் வெளியூர்க்காரர்கள் மெழுகுதிரியோடு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, இவரை ஏன் மதிலுக்கு வெளியே போட்டீர்கள் என்பது. அந்தக் கேள்வியைப் பொறுக்க மாட்டாமல் பேரவை கூடி, பாலனைத் தோண்டி எடுத்து, பீடத்துக்குப் பக்கத்தில் பளிங்குப் பேழை செய்து வைப்பதென்று முடிவு செய்தது. பாலனை மட்டும்.

மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று, பூசை முடிந்த கையோடு, மேளத்தோடு வந்தார்கள். வியாகுலம் உடைமரத்தடியில்தான் இருந்தாள், அவள் இப்போதெல்லாம் கோயிலுக்குப் போவதில்லை. தொம்மை மண்ணைத் தோண்டி எடுத்தார். ஆழமில்லாத குழி, பக்கத்துக் குழியோடு எப்படியோ ஒன்றாகியிருந்தது. ஈர மண்ணுக்குள் இரண்டு பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, இரண்டும் ஒரே நீளம், ஒரே கறுப்பு, இப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்கின முகம். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேருக்கும் முழங்கால் மடங்கியது. எந்தப் பிள்ளைக்காக மடங்கியது என்று முழங்காலைக் கேட்க முடியாதே.

மேளம் நின்றது. பங்கிராஸ் குழியின் விளிம்பில் முட்டி போட்டபடி வெகுநேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "ஏம்மா வியாகுலம், பெத்தவளுக்குத் தெரியாம இருக்காது. இதுல எது ஒம்பிள்ள? சொல்லிரு, மத்தவர நாங்க மரியாதையா எடுத்துக்கிடுதோம்" என்றார்.

அவளுக்குத் தெரிந்தது. பார்த்த கணமே தெரிந்தது, இடது காதுக்குப் பின்னால் மிளகளவு மச்சத்தோடு பிறந்தவன் அவளுடையவன். சொல்லாமல் இருந்தால் இரண்டையும் எடுப்பார்கள், ஏழு வருஷம் கழித்துத் தன் பிள்ளையும் மதிலுக்கு உள்ளே போவான் என்ற ஆசை அவளுக்கு வந்தது.

"ரெண்டும் எம்பிள்ளதான் அண்ணாச்சி" என்றாள். "ரெண்டுக்கும் பால் குடுத்திருக்கேன். எடுத்தா ரெண்டையும் எடுங்க."

"ரெண்டையும் எடுப்போம்" என்றார் லூக்காஸ் சாமி. இந்தத் தடவை அவர் சத்தமாகவே சொன்னார். "நான் சொல்றேன், எடுங்க."

பேரவைக்காரர்கள் முட்டி போட்ட நிலையிலேயே ஒதுங்கிப் போய் மதிலோரம் கூடிப் பேசினார்கள். வியாகுலம் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. பங்கிராஸ் திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாத்தனமா ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையப் பீடத்துகிட்டக் கொண்டுபோய் வச்சிட்டா, தலமுறைக்கும் பாவம் சாமி" என்றார். "அதுக்கு ரெண்டு பேரும் இங்கனயே இருக்கட்டும்."

லூக்காஸ் சாமி ஏதோ கத்தினார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை, ஆகையால் அன்றும் கேட்கவில்லை. பங்கிராஸ் முதல் பிடி மண்ணை அள்ளினார்.

"பொறுங்க" என்றாள் வியாகுலம்.

அவள் குழிக்குள் இறங்கினாள். மதிலுக்கு உள்ளே இவர்கள் எதைக் காவல் காக்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியாமல் நெஞ்சு வலித்தது. என் பிள்ளை எங்கே, யாரிடம் இருக்கிறான் என்று ஏழு வருஷமாகக் கேட்டதற்குப் பதில் அவள் காலடியில் கைகோத்துக் கிடந்தது, அதைச் சொல்லி அழ அந்த ஊரில் அவளுக்கு ஒருவரும் இல்லை. முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்து, கண்ணில் மண் விழாதபடி இரண்டு முகத்தையும் ஒரே துணியால் மூடினாள். துணியின் ஓரங்களை இருவருக்கும் அடியில் செருகிவிட்டு, தொம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"இனி போடுங்க" என்றாள்.